பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆய்வில் சேர்ந்தவர்களும் கூட இருந்தவர்களும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கார்முகில்:
அப்பாவுக்கு ஸ்டேஜ் 2. கட்டி இருந்த குடல் பகுதியை வெட்டி எடுத்தாயிற்று, நிணநீர்க் கணுக்களில் எதுவும் இல்லை. அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை ஆய்வில் சேரச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்த டைனமிக் ஆய்வு மாதிரிதான், உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அறுவை முடிந்து சில வாரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். கட்டியின் டி.என்.ஏ. துணுக்கு அதில் மிதந்தால் கீமோ, இல்லாவிட்டால் கீமோ கிடையாது. இன்னொரு குழுவுக்கு வழக்கம்போல டாக்டர் பார்த்து முடிவு செய்வார்.

ரிசல்ட் வந்த அன்று டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லை, கீமோ வேண்டாம்" என்றார். அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "குலுக்கிப் போட்டதில் மருந்து இல்லாத பக்கம் விழுந்துவிட்டோமா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: குலுக்கலில் முடிவானது எந்தக் குழு என்பது மட்டும்தான், மருந்து வேண்டாம் என்று சொன்னது இவருடைய ரத்தம். அம்மா தலையாட்டினார். கதவு வரை போய்விட்டுத் திரும்பி அதே கேள்வியை வார்த்தை மாறாமல் மறுபடி கேட்டார்.

இப்படி மருந்து இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? வீட்டில் என்ன சொல்லிப் புரியவைத்தீர்கள்?

தும்பை:
எனக்கு மலக்குடல். கட்டி மிகவும் கீழே இருந்தது, அறுவை செய்தால் நிரந்தரமாக வயிற்றில் மலம் சேரும் பை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பயாப்ஸியில் எம்.எம்.ஆர். குறைபாடு என்று வந்ததால் டோஸ்டார்லிமாப் ஆய்வில் இடம் கிடைத்தது. 2022இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் வெளியிட்டதே, மருந்தை முடித்த 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போனது என்று, அதே மருந்துதான். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, ஆறு மாதம். கீமோ இல்லை, ரேடியேஷன் இல்லை, கத்தியும் இல்லை. கட்டி இருந்த இடத்தில் இப்போது வெளுத்த தழும்பு மட்டும் இருக்கிறது. கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. மருந்து ஏற்றும் அறையில் பக்கத்து நாற்காலியில் ஒருவர். அவருக்கும் மலக்குடல், அவருக்கும் கீழே. என் பாட்டிலைப் பார்த்து என்ன மருந்து என்று கேட்டார். சொன்னேன். "எனக்கு எம்.எம்.ஆர். சரியாக இருக்கிறதாம் அம்மா. சரியாக இருப்பது நல்லதுதானே, அப்புறம் ஏன் எனக்கு அந்த மருந்து கிடையாது?" என்றார். எனக்கு நர்ஸ் விளக்கியதையே அவருக்கும் சொன்னேன். டி.என்.ஏ. நகலாகும்போது வரும் பிழையைத் திருத்தும் புரதங்கள்தான் எம்.எம்.ஆர். அவை வேலை செய்யாத கட்டியில் பிழைகள் மலைபோல் குவிகின்றன, அதனால் நம் எதிர்ப்பு அணுக்களுக்கு அந்தக் கட்டி அந்நியமாகத் தெரிகிறது. மருந்து அந்த அணுக்களின் கட்டை அவிழ்த்துவிடுகிறது, அவ்வளவுதான். மலக்குடல் கட்டிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் இந்த வகை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ என்னுடையது ஒழுங்கான கட்டி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
கார்முகில், உங்கள் அம்மாவுக்கு அந்த ஆய்வின் எண்களையே காட்டுங்கள். டைனமிக்கில் 455 பேர். ரத்தம் பார்த்து முடிவு செய்த குழுவில் கீமோ பெற்றவர்கள் 15%, வழக்கமான குழுவில் 28%. இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 93.5%, 92.4%. கீமோ பெறுபவர்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தும் நிலைமை மோசமாகவில்லை.

என் அண்ணனுக்கு ஸ்டேஜ் 3, ஆக்ஸாலிபிளாட்டின் கொடுத்தார்கள், விரலை மரக்கவைக்கும் கீமோ மருந்து. இன்றைக்கும் சட்டைப் பொத்தான் விரலுக்குத் தெரிவதில்லை, கண்ணால் பார்த்துத்தான் போடுகிறார். கீமோ தப்பியது பெரிய விஷயம், இதை எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்யுங்கள் என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். 2022இல் வந்த நார்டிக் ஆய்வைப் படித்தீர்களா? போலந்து, நார்வே, ஸ்வீடன், 84,585 பேர். பத்தாண்டில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்ட குழுவில் 0.28%, அழைக்கப்படாத குழுவில் 0.31%. இந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம். இதற்காகவா இத்தனை பேரை லிட்டர் கணக்கில் குடல் கழுவும் மருந்துத் தண்ணீர் குடிக்க வைப்பது?

ஸ்கோப் அறை:
கணக்குப்பிள்ளை சார், உங்கள் அண்ணன் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் நார்டிக் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே விட முடியவில்லை. பல ஆண்டுகளாக எண்டோஸ்கோபி அறையில் வேலை செய்கிறேன்.

முதலில் என் அனுபவம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் பார்க்கும் ஃபிட் பரிசோதனை ஆய்வு ஒன்று எங்களிடம் நடந்தது. பாசிட்டிவ் வந்தவர்களைப் போனில் கூப்பிட்டுக் கொலோனோஸ்கோபிக்கு நாள் கொடுப்பது என் பொறுப்பு. ஒருவர் ஒவ்வொரு முறையும் "எனக்கு மூலம் இருக்கிறது சிஸ்டர், ரத்தம் அதிலிருந்துதான்" என்பார். கடைசியாக அவர் வந்தபோது ஸ்கோப் பாதி தூரம்கூடப் போகவில்லை, கட்டி வழியை அடைத்திருந்தது. மயக்கம் தெளிந்ததும் அவர் என்னிடம் கேட்டது, "மூலமும் இருந்தது இல்லையா சிஸ்டர்?" இருந்தது. அதையும் பார்த்தோம்.

இனி நார்டிக். நீங்கள் சொன்ன 0.28% யாருடையது? அழைப்பு அனுப்பப்பட்ட எல்லாருடையதும். அவர்களில் உண்மையில் வந்து செய்துகொண்டவர்கள் 42% தான். வராதவர்களின் மரணமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் நோய் வருவதே 1.20% இலிருந்து 0.98% ஆகக் குறைந்தது. அழைத்தவர்கள் எல்லாரும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதே கட்டுரையில் கணித்திருக்கிறார்கள்: மரணம் 0.30% இலிருந்து 0.15%. இந்தக் கணிப்புக்குக் குலுக்கல் முடிவின் பலம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரிசோதனை பயனற்றது என்ற முடிவுக்கு அந்த ஆய்வு இடம் கொடுக்கவே இல்லை. தவிர, ஒரு பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சிறு முளை) புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். இன்று பாலிப்பை எடுத்ததன் பலன் மரணக் கணக்கில் தெரிய அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும்.

கொலோனோஸ்கோபிக்குப் பயப்படுகிறவர்களை ஃபிட்டாவது செய்யச் சொல்லுங்கள். அது மனித ரத்தத்தின் குளோபினை மட்டும்தான் தேடுகிறது, அதனால் பழைய குவாயக் பரிசோதனை மாதிரிச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. வயிற்றில் கசிந்த ரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரித்துவிடும், ஆகவே ஃபிட்டில் தெரிவது பெரும்பாலும் கீழ்க்குடல் ரத்தம். ஸ்பெயினில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2025இல் வந்தது. கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் மரணம் 0.22%, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஃபிட்டுக்கு அழைக்கப்பட்டவர்களில் 0.24%. ஃபிட் பின்தங்கவில்லை என்றே முடிவு செய்தார்கள். காரணம் எளிது: ஃபிட்டுக்கு அதிகம் பேர் வந்தார்கள்.

ஆனால் பாசிட்டிவ் வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்தால் ஃபிட் செய்ததில் அர்த்தமே இல்லை. இன்னொரு முறை ஃபிட் செய்து நெகட்டிவ் வந்தால் சரியாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். கட்டி தினமும் கசியாது. குடல் சுத்தம் செய்யும் கரைசலைப் பாதி முந்தின மாலை, பாதி அன்று காலை குடியுங்கள். மொத்தத்தையும் முந்தின நாளே குடித்துவிட்டு வருகிறவர்களின் வலப்பக்கக் குடல் பல நேரம் மூடாக்கு போட்ட மாதிரி இருக்கிறது, தட்டையான பாலிப்புகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தானாக நிறுத்தாதீர்கள், கேளுங்கள்.

கேட்காமலே நிறைய எழுதிவிட்டேன், பரவாயில்லை, ஒருவருக்காவது உதவட்டும்.

பனித்துளி:
மூலம் என்ற வார்த்தையை எனக்கும் சொன்னார்கள், வயது முப்பதைத் தாண்டியதும். ஸ்கோப் அறை அக்கா, நீங்கள் சொல்வது எல்லாம் பரிசோதனை வயதுக்கு வந்தவர்களுக்கு. அமெரிக்காவில் 2021இல் அந்த வயதை 50இலிருந்து 45க்கு இறக்கினார்கள். அப்போதும் எனக்குப் பல ஆண்டு பாக்கி. ரத்தம் தெரிகிறவருக்கு ஸ்கிரீனிங் வயது பொருந்தாது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

அறுவைக்குப் பிறகு மரபணு ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆண் சதுரம், பெண் வட்டம், புற்று வந்தவர்களுக்குள் கறுப்பு. அத்தைக்குக் கர்ப்பப்பை, தாத்தாவுக்குக் குடல், சித்தப்பாவுக்குக் குடல். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் கறுப்படித்துக்கொண்டே போனார். லிஞ்ச் சிண்ட்ரோம், எம்.எஸ்.எச்.2 மரபணு. தும்பை சொன்ன அந்தப் பிழை திருத்தும் புரதங்களில் ஒன்றின் மரபணு பழுதாகப் பரம்பரையாக வருவது, குடல், கர்ப்பப்பைப் புற்றுக்கு வாய்ப்பைக் கூட்டும். இத்தனை நாள் எங்கள் குடும்பத்தில் அது துரதிர்ஷ்டம் என்றுதான் பேர். தங்கையின் வட்டம் வெறுமையாக இருந்தது. ஆலோசகரின் பேனா அதன் மேல் நின்றது, "இவர் பரிசோதித்துக்கொள்வாரா?" என்று கேட்டார். தங்கை இன்றுவரை மாட்டேன் என்கிறாள்.

ஆஸ்பிரின் பற்றி இங்கே முன்பு யாரோ கேட்டிருந்தார்கள். கேப்-2 ஆய்வில் லிஞ்ச் உள்ள 861 பேருக்கு 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் அல்லது போலி மாத்திரை கொடுத்துப் பத்தாண்டு பார்த்தார்கள். குடல் புற்று வந்தவர்கள் ஆஸ்பிரின் குழுவில் 9%, மற்றதில் 13%. இது லிஞ்ச் உள்ளவர்களுக்கான முடிவு. படித்துவிட்டு எல்லாரும் விழுங்க ஆரம்பிக்காதீர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு வரும்.

தும்பை:
பனித்துளி, உங்கள் தங்கைக்கு என் நம்பிக்கையையும் சொல்லுங்கள். எம்.எம்.ஆர். குறைபாடு வந்ததும் எனக்கும் லிஞ்ச் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தெரிந்துகொண்டால் அவளுக்கு அடிக்கடி கொலோனோஸ்கோபி கிடைக்கும், பாலிப்பாக இருக்கும்போதே எடுத்துவிடலாம்.

வழிப்போக்கன்:
மனைவிக்கு ஸ்டேஜ் 4, கல்லீரலில் பரவியிருந்தது. வேறு மருந்துகள் தீர்ந்தபின், புது மருந்தின் பாதுகாப்பையும் அளவையும் பார்க்கும் முதல் கட்ட ஆய்வு ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். ஒப்புதல் படிவத்தை அவள் பேனாவோடு படித்தாள். "இந்த மருந்து எனக்காகவா, எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகவா?" என்று டாக்டரைக் கேட்டாள். அவர் கண்ணைப் பார்த்து, "பெரும்பாலும் பின்னால் வருகிறவர்களுக்கு" என்றார். பொய் சொல்லாததற்காகவே கையெழுத்துப் போட்டாள். அந்த டாக்டர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

நடைவண்டி:
கார்முகிலின் அம்மா கேட்ட கேள்வி என்னை விடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நான் உண்மையாகவே அந்தப் பக்கம் விழுந்தவள்.

சேலஞ்ச் ஆய்வு. கீமோ முடிந்தவர்களில் பாதிப் பேருக்குப் பயிற்சியாளர் வைத்து மூன்று ஆண்டு உடற்பயிற்சி, மீதிப் பேருக்கு ஆரோக்கியக் குறிப்புப் புத்தகம். எனக்குப் புத்தகம். போனில் சொன்ன ஒருங்கிணைப்பாளர் ரொம்ப இளையவர், "உங்கள் குழுவும் ஆய்வுக்கு அதே அளவு முக்கியம் மேடம்" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் குரலில் இருந்த தயக்கம்தான் எனக்கு நினைவிருக்கிறது, புத்தகத்தில் என்ன இருந்தது என்பது இல்லை.

2025 ஜூனில் முடிவு வந்தது. 889 பேர். எட்டு ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருப்பவர்கள் பயிற்சிக் குழுவில் 90.3%, புத்தகக் குழுவில் 83.2%. மாத்திரை ஒன்று இந்த அளவு பலன் கொடுத்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு புத்தகம் வாங்கிய, எனக்கு முகம் தெரியாத சிலர் அதில் இல்லை.

கணக்குப்பிள்ளை:
அம்மா, உங்கள் குழு இல்லாமல் அந்த 90.3 நல்லதா கெட்டதா என்றே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, ஒப்பிட ஒரு குழு இல்லாமல் இப்படிப்பட்ட எண்ணைத் தனியாக எடை போட முடியாது.

ஸ்கோப் அறை சிஸ்டர், வராதவர்களின் கணக்கு பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் வர மாட்டார்கள் என்பதும் ஒரு முடிவுதானே? ஒரு அரசு திட்டம் போடும்போது வராதவர்களையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்?

ஸ்கோப் அறை:
அரசுக்கு அந்தக் கணக்கு சரி சார். உங்கள் அண்ணனுக்குப் பாலிப்பாக இருந்தபோதே தெரிந்திருந்தால் ஆக்ஸாலிபிளாட்டின் தேவைப்பட்டிருக்குமா? உடன்பிறந்தவர் என்பதால் உங்களுக்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். நீங்கள் செய்துகொண்டீர்களா?

நடைவண்டி அம்மா, இப்போது பயிற்சி தொடங்கினால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கீமோவால் கால் மரத்திருந்தால் விழ வாய்ப்பு உண்டு. அதே ஆய்வில் தசை, மூட்டுத் தொல்லைகள் பயிற்சிக் குழுவில் 18.5%, மற்றதில் 11.5%.

நடைவண்டி:
கால் விரல் நுனி மட்டும் மரத்திருக்கிறது சிஸ்டர். வேக நடைதான், சமதளத்தில். முடிவு வந்த பிறகு அதே ஒருங்கிணைப்பாளர் போன் செய்து பயிற்சி அட்டவணையை அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்பச் சொன்னேன்.