ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ்: இந்திய லைசென்ஸில் வாடகைக் கார் ஓட்டுவது பற்றி

கோவை_சக்கரம்
அக்டோபரில் குடும்பத்தோடு 9 நாள் பயணம். மியூனிக்கில் கார் எடுத்து சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக், சூரிக் பார்த்துவிட்டு மியூனிக்கிலேயே திருப்பிக் கொடுக்கிறோம். பிள்ளைகளுக்கு 5 வயது, 11 வயது. தமிழ்நாட்டு லைசென்ஸ் மட்டும் போதுமா? வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும் என்கிறார்கள். அதைத் தவிர வேறு எதில் மாட்டிக்கொள்வோம்?

நெக்கர்கரை
போதாது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் (ஐடிபி) வேண்டும். பரிவாஹன் தளத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். அது லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான், தனியாகக் காட்டினால் செல்லாது. அசல் லைசென்ஸ் கார்டும் கையில் இருக்கட்டும்.

கார் புக் பண்ணும்போதே மூன்று நாட்டுப் பெயரையும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் எல்லை தாண்டினால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டை நம்பிப் போகாதீர்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் அதையே தேர்ந்தெடுத்து புக் செய்யுங்கள்.

மூத்த பிள்ளையை இன்றைக்கே சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். ஜெர்மனியிலும் சுவிஸிலும் 12 வயது முடியும்வரை அல்லது 150 செ.மீ. எட்டும்வரை பிள்ளை இருக்கை கட்டாயம். சின்னவருக்குச் சந்தேகமே இல்லை.

வலதுகை_வழி
வலப்பக்கம் ஓட்டுவது ஒரு விஷயமே இல்லை. நம் ஆட்கள் தடுமாறுவது யாருக்கு முன்னுரிமை என்பதில்தான். ஊரில் முதலில் மூக்கை நுழைத்தவனுக்கு வழி. அங்கே வழி யாருக்கு என்பது முன்கூட்டியே எழுதி வைத்தது.

சிக்னலோ பலகையோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே வழி. 30 கி.மீ. குடியிருப்புத் தெருக்களில் இதுதான் வழக்கம். நீங்கள் அகலமான தெருவில் நேராகப் போனாலும், வலப்பக்கச் சந்திலிருந்து வரும் கார் தயங்காமல் வெளியே வரும், ஏனென்றால் நீங்கள் நிற்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். வெள்ளை விளிம்போடு மஞ்சள் வைரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதன் மேல் கறுப்புக் கோடுகள் வந்தால் அந்தச் சலுகை முடிந்தது.

இன்னொன்று, ஹெட்லைட் ஃப்ளாஷ். நம்மூரில் "நான் வர்றேன், நீ நில்லு". அங்கே எதிரில் வருபவர் ஃப்ளாஷ் அடித்தால் பெரும்பாலும் "நீங்க போங்க" என்று அர்த்தம். நீங்கள் நம்மூர்ப் பழக்கத்தில் அடித்தால் அவர் நன்றி சொல்லிவிட்டு உங்கள் முன்னாலேயே திரும்புவார்.

வலப்பக்கம் திரும்பும்போது உங்களுக்கு வலப்பக்கமாக நேரே போகும் சைக்கிளுக்கு வழிவிட வேண்டும். கண்ணாடி மட்டும் போதாது, தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனியில் ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை தாண்டியதும் வேக வரம்பு 50 கி.மீ., பலகையில் எண் போட்டிருக்காது. அதே பெயரில் சிவப்புக் கோடு விழுந்தால் ஊர் முடிந்தது. ஊருக்கு வெளியே சாதாரணச் சாலைகளில் ஜெர்மனி, ஆஸ்திரியாவில் 100, சுவிஸில் 80.

ஆட்டோபானில் (அதிவேக நெடுஞ்சாலை) வலப்பக்கமாக முந்துவது குற்றம். முந்தி முடித்ததும் வலது தடத்துக்கு வந்துவிடுங்கள். வண்டிகள் ஊர ஆரம்பித்த உடனே, சைரன் கேட்கும்வரை காத்திருக்காமல், இடதுகோடித் தடத்தில் உள்ளவர் இடப்பக்கமும் மற்ற எல்லாரும் வலப்பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். விடாவிட்டால் ஜெர்மனியில் 200 யூரோவும் ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடையும்.

சுங்கச்சாவடி
ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் இல்லை. மற்ற இரண்டிலும் விக்னெட் (அதிவேக நெடுஞ்சாலையில் ஓட்ட முன்கூட்டியே வாங்கும் சுங்க அனுமதி) வேண்டும். ஆஸ்திரியாவுக்கு 10 நாள் விக்னெட் எடுங்கள். உங்கள் பாதையில் கூஃப்ஸ்டைனிலிருந்து இன்ஸ்ப்ரூக் போகும் ஏ12 நெடுஞ்சாலைக்கு அது அவசியம். ஜெர்மன் எல்லையிலிருந்து சால்ஸ்பர்க் நோர்ட் வெளியேறும் வழி வரைக்கும் தேவையில்லை. இன்ஸ்ப்ரூக்கிலிருந்து சூரிக் போகும் வழியில் ஆர்ல்பெர்க் சுரங்கப்பாதைக்குத் தனிக் கட்டணம் உண்டு. விக்னெட் இருந்தாலும் கட்ட வேண்டும்.

சுவிஸில் ஒரு நாளானாலும் ஓராண்டு விக்னெட்தான், 40 ஃபிராங்க். இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம், விக்னெட் விலை தனி.

டிஜிட்டல் விக்னெட் நம்பர் பிளேட்டோடு சேர்ந்தது. அதனால் சாவி கைக்கு வந்த பிறகே, அரசுத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். இடைத்தரகர் தளங்கள் கூடுதல் காசு பிடுங்கும். நம்பரை அடிக்கும்போது ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் குழப்பினால் விக்னெட் இல்லாத கார்தான் நீங்கள்.

கோவை_சக்கரம்
மிக்க நன்றி. கார்க் கண்ணாடிக்குப் பின்னால் நீலநிற அட்டை வைக்கிறார்களே, அது என்ன? பெட்ரோல் நாமேதான் போடணுமா?

நெக்கர்கரை
அது பார்க்கிங் வட்டு. இலவசமாகக் குறிப்பிட்ட நேரம் மட்டும் நிறுத்தக்கூடிய இடங்களில் வைக்க வேண்டும். ஜெர்மனியில் வந்த நேரத்துக்கு அடுத்த அரைமணிக்கு முள்ளைத் திருப்புங்கள்: 10:10க்கு வந்தால் 10:30. இடையில் போய் முள்ளை நகர்த்துவது செல்லாது, வண்டியை எடுத்தால்தான் புதுக் கணக்கு.

பெட்ரோல் நாமேதான். மூடியின் உட்புறம் பார்த்துவிட்டுப் போடுங்கள். பெட்ரோல் காருக்கு சூப்பர் என்று எழுதியிருக்கும். போட்டு முடித்துப் பம்ப் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் காசு கட்டணும். ஆட்டோபானில் எண்ணெய் தீர்ந்து ஓரத்தில் நின்றாலும் அபராதம்தான், கால் டேங்க் வந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆட்டோபானை விட்டு இறங்கி ஊருக்குள் போட்டால் விலையும் குறைவு.