புதுப்பிப்பு: கவுன்சலரைப் போய்ப் பார்த்துட்டேன்

போன மாசம் இங்கே எழுதியிருந்தேன்: ரெண்டு அரியர், தூக்கமே இல்லை, பல்கலைக்கழக கவுன்சலர்கிட்ட போனா வீட்டுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயம். "போய்ப் பாரு"ன்னு சொன்ன எல்லாருக்கும் நன்றி. நாலு தடவை போயிட்டேன்.

உயிருக்கு ஆபத்துன்னாதான் வெளியே சொல்வேன்னு முதல் நாளே மேடம் தெளிவாச் சொல்லிட்டாங்க. 2017 மனநலச் சட்டமும் ரகசியத்தை உரிமையாத் தருது.

அறிவுரையே இல்லை. ராத்திரி 2 மணிக்கு வர்ற நினைப்பை நோட்டுல எழுதச் சொன்னாங்க. "இனி வேலையே கிடைக்காது"ன்னு எழுதினேன். நடுவுல கோடு போட்டு, "இதுக்கு ஆதாரம் என்ன, எதிரா என்ன இருக்கு?"ன்னு கேட்டாங்க. எதிர்ப்பக்கம் ஆறு வரி வந்துச்சு. அழுதுட்டேன். 1960கள்ல அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கின முறை இது.

அரியர் அப்படியே இருக்கு, ஆனா தூக்கம் வருது. உங்க காலேஜ்ல கவுன்சலர் இல்லேன்னா அரசோட மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416க்குக் கூப்பிடுங்க. இலவசம், தமிழ்லயே பேசலாம்.