ஊட்டியில் 2 இரவு, ஆறு பேர்: அறை எந்தப் பக்கம், சாப்பாடு எங்கே?

காவிரிக்கரை:
மே இரண்டாம் வாரம் திருச்சியிலிருந்து சொந்தக் காரில் ஊட்டி போகிறோம். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69 வயது, அம்மாவுக்கு மூட்டு வலி. பிள்ளைகளுக்கு 9, 4. பெரியவர்கள் சுத்த சைவம், பிள்ளைகளுக்கோ நூடுல்ஸ் இல்லாமல் ஆகாது. எல்க் ஹில் பக்கம் பள்ளத்தாக்கு தெரிகிற காட்டேஜ் ஒன்று, சேரிங் கிராஸ் அருகே சாதாரண லாட்ஜில் இரண்டு அறை. வாடகை ஏறத்தாழ ஒன்றுதான். எதை எடுக்கலாம்?

மலைப்பாதை:
மூட்டு வலி என்றதுமே பாதி முடிவு ஆகிவிட்டது. காட்சி நன்றாகத் தெரிகிற அறை என்றால் சரிவில் இருக்கிறது என்று அர்த்தம். கார் மேலே ரோட்டோடு நின்றுவிடும், அறைக்கு 30, 40 படி இறங்க வேண்டியிருக்கும். இறங்குவதுதான் முட்டிக்கு ஏறுவதைவிடக் கஷ்டம். போனில் "படி அதிகமா?" என்று கேட்டால் "கொஞ்சம்தான் சார்" என்பார்கள். எத்தனை படி என்று எண்ணிக்கையைக் கேளுங்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை நடந்தபடியே ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

மேப்பில் 1 கி.மீ. என்று பார்த்து ஏமாறாதீர்கள், அது செங்குத்தான 1 கி.மீ. ஆகவும் இருக்கலாம். விளம்பரத்தில் 'ஊட்டி' என்று போட்டுவிட்டு இடம் கேத்தியிலோ எமரால்டிலோ இருப்பதும் சகஜம்.

சீசனில் வண்டிகளுக்கு உச்சவரம்பும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. நீலகிரிக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் எடுக்கிற அனுமதிச் சீட்டான இ-பாஸுக்குக் கட்டணம் இல்லை. அது கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற அறையாக மட்டும் பிடியுங்கள்.

வெந்நீர்_வாளி:
படிக்கு அடுத்தது வெந்நீர். '24 மணி நேரமும்' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். பல லாட்ஜ்களில் காலையில் இரண்டு மூன்று மணி நேரம்தான் விடுவார்கள். சோலார் என்றால் மூட்டமான நாளில் வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

பாத்ரூமில் 15 லிட்டர் கீசர் இருந்தால் கணக்கு இப்படி: குழாய்த் தண்ணீர் 12 டிகிரி, 2 கிலோவாட் காயில் என்றால் 60 டிகிரிக்கு ஏற சுமார் 25 நிமிடம். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒரு பெரிய வாளிக்குக் கொஞ்சம் மேலே தேறும். ஆறு பேருக்கு ஒரே பாத்ரூம் என்றால் காலை இரண்டரை மணி நேரம் போச்சு. அதனால் இரண்டு பாத்ரூம் கட்டாயம். லாட்ஜில் இரண்டு அறை என்பது அந்த வகையிலும் நல்லது.

வெயில் படாத தரைத்தள அறையில் சுவர் ஓதம் அடிக்கும், கம்பளியில் பூஞ்சை நாற்றம் வரும். லிஃப்ட் இருந்தால் முதல் மாடி, இல்லாவிட்டால் தரைத்தளத்திலேயே வெயில் படுகிற கிழக்கு ஜன்னல் கேளுங்கள். ஹீட்டருக்குத் தனி வாடகை கேட்பார்கள். குளிருக்கு என்று கரி அடுப்பை மட்டும் அறைக்குள் வைக்கவே கூடாது. கதவைச் சாத்தித் தூங்கினால் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு ஆளையே கொன்றுவிடும், மணமும் தெரியாது.

தட்டு_இலை:
சாப்பாட்டுக்கும் சேரிங் கிராஸ்தான் வசதி. பெரியவர்களுக்கு அங்கேயே நாஹர், முழுச் சைவம். பிள்ளைகளின் நூடுல்ஸுக்கு கமிஷனர் ரோட்டில் ஷிங்கோஸ் சீன உணவகம் இருக்கிறது, அது அசைவமும் சமைக்கிற இடம். எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டுமென்றால் சைவ ஹோட்டலிலேயே நூடுல்ஸ் வாங்கிவிடுங்கள், அரை காரம் என்று சொல்லி.

மதியம் 1 மணிக்கு மேல் போனால் சீசனில் வரிசைதான், 12 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். ராத்திரி 8 மணிக்குள் சாப்பிட்டு முடிப்பது நல்லது, ஊர் சீக்கிரம் அடங்கும்.

சின்னவனுக்கு அறையில் கஞ்சியோ பருப்போ வைக்கிற எண்ணம் இருந்தால் சின்ன குக்கர் எடுத்துப் போங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகு நேரம் ஆகும். சமைக்க அனுமதி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை, சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். வரும்போது வர்க்கி வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், நமுத்துவிட்டால் வீண்.

காவிரிக்கரை:
நன்றி. காட்டேஜில் கேட்டேன், 38 படியாம். கைவிட்டாச்சு. குன்னூரில் தங்கி ஊட்டியைச் சுற்றிவிட்டு வந்தால் என்ன? குளிரும் குறைவு என்கிறார்கள்.

மலைப்பாதை:
குளிர் குறைவுதான், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஆனால் மே மாதத்தில் அந்த 18 கி.மீ. ரோடு ஊர்ந்துதான் நகரும். அம்மா காரில் காலை மடக்கியே உட்கார்ந்திருக்க வேண்டும், தினமும் இரண்டு தடவை. 2 இரவுக்கு அது வேண்டாம். ஜூலைக்குப் பிறகு என்றால் நானே குன்னூரைத்தான் சொல்வேன்.

லாட்ஜுக்கு இன்று பேசும்போது பின்பக்க அறை கேளுங்கள், முன்பக்கம் விடியும் முன்பே ஹாரன். இரவு முழுக்க நிறுத்த உள்ளேயே பார்க்கிங் இருக்கிறதா என்பதையும்.