வீட்டுக் குழு: மாமாவின் ஹேர்னியா

பெரிய மாமா: பாப்பா, வீக்கத்தைக் காட்டிவிட்டேன். ஹேர்னியாதானாம், குடல் இறங்கியிருக்கிறதாம். நுவரெலியாவில் ஒப்பரேஷனுக்குப் பெயர் போடச் சொன்னார்கள், நான் வந்துவிட்டேன். வீட்டிலேயே ஒரு சர்ஜன் இருக்கும்போது வேறு யார் கையும் படவேண்டாம். நீ பெரிய டொக்டராகி வா, அதுவரை பொறுத்துக்கொள்கிறேன்.

அத்தை: நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உர மூட்டை தூக்கப் போகிறார்.

டொக்டர் அக்கா: மாமா, இப்போதுதான் ஒப்பரேஷன் தியேட்டரிலிருந்து வந்தேன். நான் இன்னும் ரெஜிஸ்ட்ரார், பயிற்சியில் இருக்கிற டொக்டர்தான். சர்ஜனாவதற்கான எம்.டி. பரீட்சை இருக்கிறது. தேறினால் சீனியர் ரெஜிஸ்ட்ரார், அப்புறம் ஒரு வருடம் வெளிநாட்டுப் பயிற்சி. எல்லாம் முடிந்தால்தான் கொன்சல்டன்ட், நீங்கள் சொல்லும் பெரிய டொக்டர். உங்கள் ஹேர்னியா அவ்வளவு காலம் காத்திருக்காது.

அம்மா: இன்னும் இவ்வளவு இருக்கிறதா? இன்டர்ன் முடித்தபோதே படிப்பு முடிந்தது என்று கோயிலில் பொங்கல் வைத்தோமே!

சின்னவள்: அக்கா, தியேட்டரில் நீங்கள் தனியாகச் செய்வீர்களா?

டொக்டர் அக்கா: அப்பென்டிக்ஸ், ஹேர்னியா எல்லாம் செய்கிறேன். சீனியர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். பித்தப்பையைக் கெமரா விட்டு எடுப்பதை இப்போதுதான் பழகுகிறேன். கையை இடப்பக்கம் அசைத்தால் உள்ளே கருவியின் நுனி வலப்பக்கம் போகும், கண்ணோ திரையில் இருக்கும். அதுகூடப் பழகிவிடும். கஷ்டம் எது தெரியுமா, வெட்டாமல் நிறுத்துவது. பித்தப்பைக்குள் போவது ஒரு பித்தக்குழாயும் ஒரு இரத்தக்குழாயும் மட்டும்தான் என்று கண்ணால் காணும்வரை எதையும் வெட்டக்கூடாது. தவறிப்போய் ஈரலிலிருந்து வரும் பெரிய குழாயை வெட்டினால் அந்த நோயாளியின் வாழ்க்கையே மாறிவிடும்.

டொக்டர் அக்கா: இன்றைக்கு அந்த இடம் வீங்கி ஒட்டிக்கிடந்தது. தெளிவாகத் தெரியவில்லை. "சேர், நீங்கள் ஒருதரம் பாருங்கள்" என்றேன். சேர்ந்த புதிதில் அப்படிக் கூப்பிடக் கூச்சமாக இருக்கும். இப்போது இல்லை. நான் வளர்ந்திருக்கிறேன் என்றால் இதில்தான்.

அம்மா: சாப்பிட்டாயா?

டொக்டர் அக்கா: வோர்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அம்மா. நேற்று தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா, சிங்களம் தெரியாததால் "வலி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு கிடந்தார். தமிழில் கேட்டதும், தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது பக்கம் இறங்கியதை வரிசையாகச் சொன்னார். அப்பென்டிக்ஸ். இரவே எடுத்தோம். அவரைப் பார்க்காமல் அறைக்குப் போக மனம் வரவில்லை.

அத்தை: தீபாவளிக்கு வந்தபோதுகூட அலமாரிக் கைப்பிடியில் நூலைச் சுற்றி ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள். விருந்தாட்கள் வந்தும் அந்தக் கை ஓயவில்லை.

பெரிய மாமா: நீயே செய்தால் எனக்குப் பயம் இருக்காது, பாப்பா.

டொக்டர் அக்கா: எனக்கு இருக்கும் மாமா. சொந்தக்காரருக்கு நாங்கள் கத்தி எடுப்பதில்லை. மேசையில் படுத்திருப்பது என்னைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடம் விட்டவர் என்றால், எதையும் ஆற அமரப் பார்க்க முடியாது. ஹேர்னியா சர்ஜன்களுக்குப் பழகிய வேலை. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்த பிறகு, ஒரு வலையை வைத்துத் தைப்பார்கள். நுவரெலியாவிலேயே செய்யுங்கள்.

டொக்டர் அக்கா: இன்னொன்று. வீக்கம் கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், வலியோ வாந்தியோ வந்தால் விடியும்வரை பார்க்கவேண்டாம். அந்த நிமிடமே புறப்படுங்கள். குடல் சிக்கி இரத்தம் ஓடாவிட்டால் அழுகிவிடும். மூட்டை தூக்குவதை நாளையிலிருந்தே நிறுத்துங்கள். பீடியையும்தான், இருமல் அதை இன்னும் தள்ளும்.

அம்மா: திருவிழாவுக்கு லீவு கிடைக்குமா?

டொக்டர் அக்கா: அந்த வாரம் எனக்குக் கெஷுவல்டி, அவசர நோயாளிகளைப் பார்க்கும் முறை. கூட வேலை செய்கிறவரிடம் மாற்றிக் கேட்டிருக்கிறேன் அம்மா. தேர் அன்றைக்காவது வரப் பார்க்கிறேன்.

பெரிய மாமா: சரி. வெள்ளிக்கிழமை போய்ப் பெயர் போடுகிறேன்.

அத்தை: நானும் கூடப் போகிறேன். தலவாக்கலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறோம்.

டொக்டர் அக்கா: கிளினிக் கொப்பியையும் பிரஷர் மாத்திரைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள் அத்தை. திகதி கொடுத்ததும் இங்கே போடுங்கள்.