புதுப்பிப்பு: பரணில் கிடந்த எலிப் புழுக்கை

பரண் முழுக்க எலிப் புழுக்கை, எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டிருந்தேன் இல்லையா, வேலை முடிந்துவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

துடைப்பத்தைத் தொடவே இல்லை. காய்ந்த புழுக்கையைக் கிளறினால் கிளம்பும் தூசியோடு ஹான்டா வைரஸ் (எலிகளிடமிருந்து பரவும், கடுமையான நோய் தரும் கிருமி) மூச்சுக்குள் போகலாம், அதனால் வாக்குவம் கிளீனரும் கூடாது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு 30 நிமிடம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ரப்பர் கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, 1 பங்கு திரவ பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் என்று அப்போதே கலந்து, புழுக்கையும் மூத்திரக் கறையும் நன்றாக நனையும்படி மெதுவாக ஊற்றி 5 நிமிடம் விட்டேன். கெட்டியாக இருந்ததெல்லாம் நைந்து, காகிதத் துண்டில் ஒட்டிக்கொண்டு வந்தது, தூசியே எழவில்லை. எலி கூடு கட்டிய அட்டைப்பெட்டியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அதையும் நனைத்துப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

ஒருவர் வினிகரும் சேர்க்கச் சொல்லியிருந்தார். தயவுசெய்து வேண்டாம், பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

கையுறையோடு ஒருமுறை, கழற்றிய பிறகு ஒருமுறை சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழாய் நுழையும் இடத்தில் ஒரு சின்ன இடுக்கு, சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டரே போதுமாம். இரும்பு நார் அடைத்துப் பூசிவிட்டேன். புதுப் புழுக்கை விழுகிறதா என்று தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், இதுவரை இல்லை.