தலையாட்டுகிறார்கள், வேலை மட்டும் மாறவில்லை. எப்படிச் சொன்னால் எடுபடும்?

மேசைவிளக்கு கேட்டது:
14 பேர் உள்ள குழுவுக்குப் பொறுப்பு. புது நடைமுறை எதைச் சொன்னாலும் கூட்டத்தில் சரி என்கிறார்கள், மறுவாரமே பழைய குருடி கதவைத் திறடி. 40 நிமிடம், 25 ஸ்லைடு போட்டு விளக்கியும் இதே நிலை. இப்போதைய விஷயம்: வாடிக்கையாளர் புகாருக்குச் சீக்கிரம் பதில் போக வேண்டும்.

ஒற்றைக்கோடு:
ஸ்லைடுகளை ஒதுக்கிவிட்டு ஒரு வரி எழுதிப் பாருங்கள்: யார், எதை, எப்போதிலிருந்து. "சீக்கிரம்" என்றால் ஒருவருக்கு ஒரு மணி நேரம், இன்னொருவருக்கு நாளை மறுநாள். "திங்கள் முதல், புகாரை எடுத்தவர் 4 மணி நேரத்துக்குள் முதல் பதில் அனுப்ப வேண்டும், தீர்வு கிடைக்காவிட்டாலும் 'பார்த்துக்கொண்டிருக்கிறோம், நாளை மதியத்துக்குள் சொல்கிறோம்' என்றாவது போக வேண்டும்." இதைச் செய்தாரா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

காரணம் ஒன்று போதும். ஏழு அடுக்கினால் அதில் நோஞ்சானைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் கவிழ்த்துவிடுவார்கள். இன்னொன்று, எதை விடலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். புது வேலை ஏறும்போது எல்லோர் மனதிலும் ஓடுவது "நேரம் எங்கே?" என்பதுதான்.

டக்டக்:
1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற உளவியல் ஆய்வு மாணவி நடத்திய சோதனை இது. ஒருவர் பிரபலமான பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட, எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியாவது பிடிபடும் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் பிடிபட்டது 3. தட்டுகிறவர் காதில் பாட்டு முழுசாக ஓடுகிறது, எதிராளிக்குக் கேட்பது டக் டக் மட்டும். மாதக்கணக்கில் யோசித்த முடிவை 40 நிமிடத்தில் இறக்கிவைக்கும் தலைவருக்கும் இதே கதி.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், "ஆமாம்" தவிர வேறெதுவும் வராது. "திங்கள் காலை மூன்று புகார் சேர்ந்து வந்தால் எதை முதலில் எடுப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் எட்டு வரை எண்ணுங்கள். பலர் இரண்டு எண்ணுவதற்குள் தாங்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றாம்வரிசை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கூட்டத்தில்தான் முதல்முறை சொல்கிறீர்கள் என்றால் பாதித் தப்பு அங்கேயே. குழு யார் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறதோ, அந்த இரண்டு மூன்று பேரிடம் இரண்டு நாள் முன்பே தனித்தனியாகப் பேசுங்கள் (மூத்த பதவியில் இருப்பவர்களாகத்தான் இருப்பார்கள் என்றில்லை). "இதில் எது உதைக்கும்?" என்று கேளுங்கள். சொன்னதில் ஒன்றையாவது திருத்தாவிட்டால், கேட்டது வெறும் சடங்கு என்று தெரிந்துவிடும். அப்புறம் கூட்டத்தில் அந்தக் குறையை நீங்களே முதலில் எடுங்கள்.

மேசைவிளக்கு:
நானே குறையைச் சொன்னால் எதிர்ப்பவர்களுக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா?

மூன்றாம்வரிசை:
பாதியில் விட்டால் ஆகும். இது குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மறுதரப்பைச் சொல்லி அதற்குப் பதிலும் சொல்கிற பேச்சு, ஒருதரப்புப் பேச்சைவிட நன்றாக எடுபடுகிறது. சொல்லிவிட்டுப் பதில் தராமல் நகர்ந்தால் ஒருதரப்பைவிட மோசம். "மதிய ஷிஃப்டில் ஆள் குறைவு, 4 மணி நேரம் சிரமம்தான். அதனால் அவர்களுக்கு முதல் மாதம் 6 மணி நேரம்" என்கிற மாதிரி. அப்படி ஒரு பதில் கையில் இல்லையென்றால் கூட்டத்தை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.