மறு: 8, 15: ‘சார்பகா எண்கள்’ என்றால் பிள்ளைகளுக்குப் புரிகிறதா?

அனைவருக்கும் வணக்கம்.

வியாழக்கிழமை ஆறாம் வகுப்புப் பயிற்சித்தாள் அச்சுக்குப் போக வேண்டும். ‘சார்பகா எண்கள்’ (1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை) என்ற ஒரு சொல்லில் தடுக்கி நிற்கிறேன்.

84 மட்டிப்பழம், 60 செவ்வாழை. மிச்சமில்லாமல் ஒரே மாதிரி பைகளில் போட்டால் அதிகம் எத்தனை பை? மீப்பெரு பொதுக் காரணி 12 என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுகிறார்கள். பைக்கு 7 மட்டி, 5 செவ்வாழை. அந்த 7, 5 சார்பகா எண்கள் என்றால் தலையாட்டுகிறார்கள், இரண்டும் பகா எண்கள் அல்லவா! அடுத்து 8, 15 கொடுத்தேன். ஒரு பிள்ளை 2×2×2, 3×5 என்று பிரித்து, பொதுக் காரணி 1 மட்டும் என்று சரியாக எழுதிவிட்டு, ‘சார்பகா எண்கள் அல்ல’ என்று முடித்திருக்கிறாள். கேட்டால், “எட்டும் பதினஞ்சும் பகு எண்தானே டீச்சர்?” என்கிறாள். சொல்லை நம்பித்தான் சறுக்கினாள். வேறு சொல் உண்டா?

தக்கலை, கணக்கு டீச்சர்

---

டீச்சருக்கு,

சொல்லில் குறையில்லை. ‘பகா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ‘பிரியாத’ என்று பொருள். நன்னூல் பகுபதம், பகாப்பதம் என்று வகுத்த அதே ‘பகு’. பகுதி, பாதி, பங்கு, பகல் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. பட்டினப்பாலையில் வணிகரின் நடுவுநிலைக்கு ‘நெடுநுகத்துப் பகல்’ உவமையாக வருகிறதே, அது நுகத்தின் நடுவாணி. இரண்டு மாட்டுக்கும் பொதுவாக நிற்பது. மீப்பெரு பொதுக் காரணியும் இரண்டு எண்ணுக்கும் நடுவே அப்படித்தான் நிற்கிறது. அதையே ‘பகல்’ என்று சொன்னால் என்ன என்று பல நாளாக எனக்கு ஒரு எண்ணம். 8-க்கும் 15-க்கும் 1-ஐ விட்டால் அந்த ஆணி இல்லை. ஆகவே ‘பகலிலி எண்கள்’. நல்ல தமிழ், ஒரே சொல்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

---

ஐயா, நுகத்தடியைப் பார்த்திராத பிள்ளைகளுக்குப் பகல் என்றால் வெயில்தான். தேர்வுத்தாளில் ‘சார்பகா’ என்றுதான் வரும், அதை நாம் மாற்ற முடியாது.

எங்கள் தாத்தா திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். 1956-ல் இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் மீச்சிறு பொது மடங்கைக் கடைசி வரை ‘ல.சா.கு.’ என்றேதான் சொன்னார். எனக்கு அது மீ.சி.ம. இலங்கை நண்பர்களுக்குப் பொ.ம.சி. எந்தப் பெயரில் கேட்டாலும் 84-க்கும் 60-க்கும் விடை 420தான். பழகிய சொல்லை விட்டுவிடாதீர்கள்.

குளச்சல், மொழிபெயர்ப்பாளர்

---

இருவருக்கும் நன்றி. ஐயாவின் நுகத்தாணியை நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன், ஆனால் தாளில் போட முடியாது.

யோசித்துப் பார்த்தால், ‘பகா’வைவிட ‘எண்கள்’தான் இடறுகிறது. 8 தனியாகச் சார்பகா ஆகாது. 15 பக்கத்தில் நின்றால் ஆகும். மீச்சிறு பொது மடங்கு 120, இரண்டின் பெருக்கற்பலனே. அதே 8, 12 பக்கத்தில் நின்றால் ஆகாது, 24-லேயே முடிந்துவிடும். இது ஒரு சோடியின் குணம். அதனால் ‘சார்பகா இணை’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் பாடநூல் சொல்லைத் தருகிறேன். மறுப்பு இருந்தால் புதன் இரவுக்குள் சொல்லுங்கள்.

தக்கலை

---

எனக்குச் சரி.

குளச்சல்

---

எனக்குச் சரியில்லை, டீச்சர். இணைகோடு, இணைகரம் என்று வடிவியலில் ‘இணை’ ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. அப்புறம், மூன்று எண் வந்தால்? 6, 10, 15 எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் சேர்த்துப் பொதுக் காரணி 1தான். எந்த இரண்டை எடுத்தாலும் 2, 3, 5 என்று ஒன்று குறுக்கே வருகிறது. அதற்கு உங்கள் ‘இணை’ எப்படிப் பொருந்தும்? தாள் போகட்டும், அவசரம் புரிகிறது. பகலிலியை நான் கைவிடவில்லை.

நாகர்கோவில்